கபில வளையமும் இலத்திரனின் இருப்பிடமும்

நைத்திரேற்றைக் கண்டறியும் கபில வளையச் சோதனையைக் கல்லூரி ஆய்வுகூடத்திற் செய்யாத விஞ்ஞான மாணவர் அரியர். நைத்திரேற்றுக் கரைசலோடு புதிதாய் ஆக்கிய பெரசுச் சல்பேற்றுக் கரைசலைச் சேர்த்து, சோதனைக்குழாயைச் சரித்துப் பிடித்து, அதன் சுவர் வழியே செறிந்த சல்பூரிக்கமிலத்தை மெல்ல வார்ப்போம். இரு படைகளும் சந்திக்குமிடத்திற் கபில வளையம் தோன்றும்.

அவ்வளையத்துள் நிகழ்வன இரண்டு. முதலாவது ஐயத்துக்கு இடமற்றது. நைத்திரேற்று அயனொன்று மூன்று பெரசு அயன்களிடமிருந்து மூன்று இலத்திரன்களைப் பெற்று நைத்திரிக்கு ஒட்சைட்டாகிறது. அம்மூன்றும் பெரிக்கு அயன்களாகின்றன. இரண்டாவது, அவ்வொட்சைட்டு எஞ்சிய பெரசு அயனொன்றில் ஐந்து நீர் மூலக்கூறுகளோடு ஆறாவது இணையியாய் அமர்தல். கபில நிறம் இச்சிக்கலயனுக்கே உரியது. இங்கு இலத்திரன் எப்பக்கம் பெயர்கிறது என்பதே வினா.

ஒட்சைட்டு ஓர் இலத்திரனை இரும்புக்கு ஈந்தது, எனவே இரும்பின் ஒட்சியேற்ற எண் +1 எனப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறின. நாமும் செய்முறைக் கொப்பியில் அவ்வாறே எழுதினோம். காந்த அளவீடு மூன்று சோடியற்ற இலத்திரன்களைக் காட்டியமை அதற்குச் சான்றாயிற்று. அச்சான்றைச் சிறிது நுணுகி நோக்குவோம். +1 இரும்பிற் சோடியற்றன மூன்று. +2 இரும்பின் நான்கினை ஒட்சைட்டின் ஒன்று எதிர்த்து நின்றால் எஞ்சுவது மூன்று. +3 இரும்பின் ஐந்தினை, இலத்திரனொன்றை ஏற்ற ஒட்சைட்டின் இரண்டு எதிர்த்து நின்றாலும் எஞ்சுவது மூன்றே. ஒரே விடைக்கு வழிகள் மூன்று. விடையை மட்டும் கண்டு வழியைத் துணிதல் தகுமோ?

எனிமாக்கு, பெல்தம் என்னும் அறிஞர் இருவர் 1974இல் ஒரு முறையை வகுத்தனர். உலோகத்தின் டி இலத்திரன்களையும் ஒட்சைட்டின் பிணைப்பெதிர் ஓபிற்றலிலுள்ளவற்றையும் கூட்டித் தொகையை மட்டும் கூறுக என்பதே அது. இங்கே தொகை ஏழு. மேற்கூறிய மூன்று வழிகளிலும் அது மாறாது.

2002இல் மொசுபவர் நிறமாலை முதலியவற்றால் ஆராய்ந்தோர் +3 இரும்பே பொருந்தும் என்றனர். 2019இல் இவ்வயனைப் படிகமாகப் பெற்று ஆராய்ந்தோர், இலத்திரன்கள் இருபாலாராலும் பெரிதும் பங்கிடப்படுவதைக் கண்டனர். பங்கிட்ட பொருளை ஒருவர்க்கே உரியதெனக் கணக்கெழுதும்போதுதான் வழக்கு எழுகிறது. ஒட்சியேற்ற எண் அத்தகைய கணக்கே.

ஆதலின், விடையை மாணாக்கர்க்குக் கூறுமிடத்து, அஃது எச்சான்றால் வந்தது என்பதையும், அச்சான்று வேறெவ்விடைக்கு இடந்தரும் என்பதையும் உடன் கூறுதல் ஆசிரியர் கடனாம்.