ஓடும் வண்டியின் வேகத்தைச் சேமித்தல்

கோட்டாற்றிலுள்ள நாகர்கோவில் சந்திப்பு நிலையத்தில் நாம் நின்று, வந்து சேரும் மின்சார வண்டியொன்றை நோக்குவோமாக. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆந் தேதி தொடங்கப்பெற்ற சென்னை எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத் வண்டி அஃது. நிலையத்தை அணுகுங்கால் அதன் வேகம் குறைந்து முடிவில் இல்லையாகின்றது. அவ்வேகம் எங்கே போயிற்று?

400 டன் எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க சக்தி ஏறத்தாழ 43 யூனிட்டு மின்சாரத்திற்குச் சமம். பௌதிக மாணவர் பென்சில் எடுத்து இதனைச் சரிபார்ப்பாராக. பிரேக்குக் கட்டை மாத்திரம் சக்கரத்தை நெருக்குமாயின், இவ்வளவும் வெப்பமாய்க் காற்றிற் கலந்துபோம்.

இந்நட்டத்தைக் குறைக்கும் வழி மோட்டாரிலேயே உள்ளது. சக்கரம் மோட்டாரைச் சுழற்றுமாறு செய்தால், அது டைனமோவாகி மின்சாரம் பிறப்பிக்கும். அவ்வுழைப்பினாலேயே வண்டியின் வேகமும் தணியும். வந்தே பாரத் வண்டி அம்மின்சாரத்தை மேற்கம்பிக்குத் திருப்பி விடுகின்றது. அக்கம்பியிலுள்ளது 25,000 வோல்ட்டு மாறுமின்சாரமாதலின், அருகில் வேறு வண்டி இல்லாவிடினும் மின்மாற்றி வழியே அது வெளியே செல்லக்கூடும்.

நேர்மின்சாரப் பாதைகளில் இவ்வசதி எளிதன்று. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார வண்டிகள் 1,500 வோல்ட்டு நேர்மின்சாரத்தால் இயங்கின. அத்தகைய பாதையில், பிறந்த மின்சாரத்தை ஏற்க அவ்வேளையில் மற்றொரு வண்டி வேண்டும். இல்லையேல் தடைக்கம்பிச் சுருளில் அதனை எரித்தே தீர வேண்டும். ஆகவேதான், வண்டியிலேயே சேமித்தால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது.

சேமிக்கும் கலம் யாது? நாஞ்சில் நாட்டார்க்கு இதனை விளக்குதல் எளிது. பாட்டரி என்பது மடை குறுகிய பெருங்குளம்; மிகுதியாகக் கொள்ளும், விரைந்து கொள்ளாது. பெருமின்தேக்கி வாய் அகன்ற சிறு குட்டை. வருவதை நொடியில் வாங்கும், ஆயின் கொள்வது சிறிது. மேற்கூறிய 43 யூனிட்டையும் ஒரு நிமிஷத்தில் ஏற்க 2,500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் வேண்டும். பாட்டரி இதற்குத் திணறும். கிலோவிற்கு 5 வாட்-மணி கொள்ளும் பெருமின்தேக்கியோ எட்டரை டன் எடையாகும்! நிற்பதற்காகச் சேமித்த கலத்தை ஓடும் வழியெல்லாம் சுமக்கவும் வேண்டுமன்றோ?

ஆதலின், சில நிலையங்களிலேயே நிற்கும் நம் நாகர்கோவில் வண்டிக்கு மேற்கம்பியே தக்க களஞ்சியமென்பது நம் கருத்து. அடிக்கடி நின்று புறப்படும் இலேசான டிராம் வண்டிக்கோ நியாயம் வேறு. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 2003 முதல் பெருமின்தேக்கி பொருத்திய டிராமைச் சோதித்தவர், நூற்றுக்கு முப்பது பங்கு வரை மின்சாரம் மிச்சமாகும் எனக் கண்டனர். தைவானின் காவ்சியுங் நகரில் 2015-இல் தொடங்கிய டிராம், நிறுத்தங்களில் மின்னேற்றிக்கொண்டு, பிரேக்கிடும்போது கிடைப்பதையும் சேர்த்து வைத்து, இடைவழியில் மேற்கம்பியே இன்றி ஓடுகின்றது. 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடிய சென்னைத் தெருக்களில் அது நிலைத்திருக்குமாயின், இம்முறை முதலில் அங்கேயே பொருந்தியிருக்கும்.