லூரின் எடையைப் பார்த்து நரம்பு வாங்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "கொடுவா பத்து கிலோவுக்கு மேலும் வளரும் என்கிறார்கள் சார். அதனால் பெரிய லூர்களுக்கு நூறு பவுண்டு பிரெய்டும் பத்தடி ராடும் வாங்கலாமென்று இருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். வாங்காதே. ரீல் மாட்டவும் முடிச்சுப் போடவும் உனக்குத் தெரியும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஆனால் மீனின் எடையைப் பார்த்து நரம்பு வாங்கும் இந்தக் கணக்கை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடைக்காரர்களும் இதையேதான் ஓதுகிறார்கள். நரம்பு தடிக்கத் தடிக்க விலையும் ஏறுமல்லவா!

தண்ணீருக்குள் இருக்கும் மீனின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. நரம்புக்கு வருவது அதன் இழுவை. அந்த இழுவைக்கு எல்லை வைப்பது ரீலில் நீ திருகி வைக்கும் டிராக் என்னும் பிடிப்பு. அதை நரம்பின் தாங்குதிறனில் கால் பங்குக்கு வை, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. பிறகு பெரிய லூருக்கு, அந்தப் போலி இரைக்கு, ஏன் தடித்த நரம்பு கேட்கிறார்கள்? வீச்சுக்காக. நூறு கிராம் லூரை முழு வேகத்தில் வீசுகிறாய். பாதி வழியில் ரீலில் நரம்பு சிக்கிக்கொள்கிறது. பறந்துகொண்டிருக்கும் அந்த எடையை நரம்பு ஒரே இழுப்பில் நிறுத்தியாக வேண்டும். இருபது பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னிய நரம்பு, பட்டென்று அறும். லூர் மட்டும் ஏரி நடுவே போய் விழும். மீன் இன்னும் கதையிலேயே வரவில்லை, பார்த்தாயா?

ஆக, 60 முதல் 110 கிராம் வரையுள்ள லூருக்கு 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு போதும். நைலான் என்றால் 20, 25 பவுண்டு. நைலான் அறுவதற்கு முன் நன்றாக நீண்டு கொடுக்கும், அதனால் அதிர்ச்சியைத் தாங்கும். பிரெய்டு நூற்றுக்கு மூன்று நான்கு பங்குக்கு மேல் நீளாது. நூறு பவுண்டு போட்டால் ரீலில் கொஞ்சம்தான் ஏறும், காற்றில் வளையும், வீச்சு குறையும். அடியில் சிக்கினால் நரம்பு அறாது. முள் விரியும், இல்லையென்றால் ராடு உடையும்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியின் மேல் அச்சடித்த பவுண்டை நம்பாதே. ஒரே பருமனுள்ள நரம்புக்கு ஒரு கம்பெனி 50 என்று போடும், இன்னொரு கம்பெனி 70 என்று போடும். ஜப்பானியர்கள் பிரெய்டுக்கு 'பி.இ.' எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது என்ன தெரியுமா? டெனியர்! பி.இ. 1 என்றால் 200 டெனியர், பி.இ. 4 என்றால் 800. நம் தெருவில் 20/22 டெனியர் கச்சாப் பட்டை நிறுத்துப் பார்த்து வாங்குகிறார்களே, அதே அளவை. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். பருமனும் இதற்குள்ளேயே இருக்கிறது. பி.இ. 1 நரம்பின் விட்டம் 0.165 மி.மீ., பி.இ. 4-க்கு 0.330, எண் நான்கு மடங்கு ஏறினால் பருமன் இரண்டு மடங்குதான் ஏறும்.

எனவே சந்தேகம் வந்தால் நிறுத்துப் பார். பி.இ. 4 நரம்பில் ஒன்பது மீட்டரை வெட்டி, சரிகை நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசில் வை. 0.8 கிராம் காட்ட வேண்டும்; மேல்பூச்சுக்காக ஒரு துளி கூடலாம். ஒன்றரை கிராம் காட்டினால், அது மெல்லிய நரம்பு என்று பெயர் சூட்டிய கயிறு. ஐம்பது பவுண்டு என்று விற்பதில் பல மூன்றரை, நான்கு எண்ணுக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சுலபமான சோதனையை, தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் கூடச் செய்வதில்லை. இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பட்டுக்கும் தூண்டிலுக்கும் உறவு பழையது. நைலான் 1938-இல் அறிவிக்கப்படும் வரை நல்ல தூண்டில் நரம்பு பின்னிய பட்டுதான். மீன் பிடித்துவிட்டு வந்தால் உலர்த்தாமல் வைக்கக் கூடாது, இற்றுப்போகும். முள்ளை ஒட்டிய கடைசித் துண்டுக்கு ஸ்பெயின் நாட்டு முர்சியாவிலிருந்து ஒரு பொருள் வந்தது. கூடு கட்டத் தயாரான பட்டுப்புழுவைக் காடியில் ஊறப்போட்டு, அதன் பட்டுச் சுரப்பியை அப்படியே இழுத்து நீட்டிய ஒற்றைத் தடி இழை. உலர்ந்தால் முறியும், அதனால் நனைத்துத்தான் முடிச்சுப் போடுவார்கள். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதியது இந்தச் சாமான்களின் காலத்தில்தான். 1887-இல் ஏரி, குளத்து மீன்களுக்கென்றே இன்னொரு புத்தகமும் எழுதினார். அகப்பட்டால் படி.

ராடுக்கு வருகிறேன். நீளமான ராடு தூரம் வீசும் என்பது பாதி உண்மை. ராடின் மேல் எத்தனை அவுன்ஸ் லூருக்கு என்று அச்சடித்திருக்கும்; அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓர் அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். கனமான லூரை வெடுக்கென்று வீசக் கூடாது, அகன்ற வட்டத்தில் நிதானமாகத் தள்ளிவிட வேண்டும். நீளம் அதற்காகத்தான். ஏழரை அடியிலிருந்து எட்டடி அதற்குப் போதும். இரண்டு கையாலும் பிடிக்கும்படி கைப்பிடி முழங்கையைத் தாண்டட்டும். அதற்கு மேல் நீளம் கூடினால் நெம்புகோலின் நீண்ட பக்கம் மீனிடம் போய்விடும். அதே இழுவைக்கு உன் மணிக்கட்டு இன்னும் வலிக்கும். பத்தடி, கடற்கரையில் அலையைத் தாண்டி ஈயம் வீசுகிறவர்களுக்கு. ஏரிக்கரைப் பனையடியில் அதை எப்படிச் சுழற்றுவாய்?

தென்னேரியில் ஆகாயத்தாமரைக்கு நடுவே விராலுக்குத் தவளை லூர் போடுவதாக இருந்தால் கணக்கு வேறு. தவளை இருபது கிராம்கூட இருக்காது. ஆனாலும் ஐம்பது பவுண்டு பிரெய்டு வேண்டும், ஏனென்றால் மீனைத் தழையோடு சேர்த்து இழுக்க வேண்டும். ராடு ஏழடி, விறைப்பானது. பிரெய்டு மிதக்கும், அது தவளைக்கு நல்லது. ஃப்ளோரோகார்பன் மூழ்கும், அதை அங்கே கொண்டுபோகாதே.

கொடுவாவுக்கென்றால் முட்டுக்காடு; அது 2019 நவம்பர் வரை நம் மாவட்டம்தான். கொடுவாவை இந்தியாவில் முதன்முதலாகப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்ததும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் அங்கே நடத்தும் நிலையத்தில்தான், 1997-இல். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும். கல்லில் ஒட்டிய சிப்பியும் அப்படித்தான். பிரெய்டு உராய்ந்தால் போச்சு. அதனால் கடைசி ஒன்றரை மீட்டருக்கு ஐம்பது, அறுபது பவுண்டு நைலான் கட்டு. அங்கே தடிமனுக்குக் காரணம் உராய்வு.

கோயில் குளத்து மீன்கள் பெரிது பெரிதாக இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அவை பொரி போடுவதற்கு, லூர் போடுவதற்கு இல்லை. அதைப் பற்றி இனி என்னிடம் கேட்காதே.

பத்தடி ராடுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள். ஏழடி ஒன்பது அங்குலத்தில், இரண்டு முதல் நான்கு அவுன்ஸ் வரை தாங்கும் ராடாகப் பார். தென்னேரிக்குப் போகிற அன்று மீன் ஏலம் எடுத்தவரிடம் கேட்டுவிட்டுக் கரையில் இறங்கு. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் குமிழி விடுவதைப் பார்த்தால், அடியில் பெரிய விரால் காவல் நிற்கிறது, அங்கே வீசாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்