கைலாசநாதர் கோயில் சிற்பங்களைச் சிதைத்தது யார்?

கேள்வி: விடுமுறையில் மகனை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருந்தோம். பல சிற்பங்களுக்கு முகமே இல்லை. கைகால்கள் கரைந்துபோய் நிற்கின்றன. ‘படையெடுத்து வந்தவர்கள் உடைத்தது’ என்று அங்கே ஒருவர் சொல்ல, மகன் அதையே பிடித்துக்கொண்டான். அது உண்மையா? சுதை பூசிப் பழையபடி ஆக்கக் கூடாதா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: அந்தச் சிதைவுக்கு முதல் காரணம் கல்தான். இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கோயிலை எடுப்பித்தான். பாரம் தாங்கும் அடித்தளத்துக்குக் கருங்கல்லை வைத்தான். சிற்பங்கள் நிறைந்த சுவர்களையும் விமானத்தையும் மணற்கல்லில் கட்டினான். மணற்கல் உளிக்கு எளிதில் இணங்கும். மெல்லிய நகைகளையும் விரல்களின் நெளிவையும் அதில் நுணுக்கமாகக் கொண்டுவரலாம்.

ஆனால் மணற்கல் நீரை உறிஞ்சும். மழைநீரும் நிலத்து ஈரமும் துகள்களுக்கு நடுவே புகுந்து, காயும்போது உப்பை உள்ளேயே விட்டுச் செல்கின்றன. அந்த உப்பு படிகமாகிப் பருத்து, கல்லின் மேல்தோலைச் செதில் செதிலாகத் தள்ளிவிடுகிறது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக இது நடந்துவருகிறது.

அடுத்த முறை போகும்போது மகனையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சம்மட்டியால் உடைத்த கல்லில் முறிந்த இடம் கூர்மையாக இருக்கும். கரைந்த கல்லில் விளிம்புகள் மழுங்கி, பொடி உதிரும். அடித்தளக் கருங்கல் வரிசைகளையும் மேலே உள்ள மணற்கல் சுவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே வெயிலும் மழையும் இரண்டு கற்களை எப்படி வேறுவேறாக நடத்தியிருக்கின்றன என்பது அவனுக்கே விளங்கும்.

படையெடுப்பு நடந்தது உண்மை. 642-இல் பல்லவ மன்னன் மாமல்லன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகர் வாதாபியைக் கைப்பற்றினான். ஒரு நூற்றாண்டு கழித்து, சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். பழிதீர்க்க அவனுக்குக் காரணம் இருந்தது. ஆனால் இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை இறைவனுக்கே திருப்பி அளித்தான். அந்தச் செய்தியைக் கன்னடத்தில் கல்வெட்டாக இங்கேயே, முன்மண்டபத் தூண் ஒன்றில் பொறித்தும் வைத்தான். அவன் நகரை அழிக்கவில்லை என்று அவன் மகன் இரண்டாம் கீர்த்திவர்மனின் செப்பேடுகளும் கூறுகின்றன. விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் கைலாசநாதர் கோயிலின் சாயல் இருப்பதை ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வென்றவர்கள் வியந்து பின்பற்றிய கோயில் இது. உங்கள் மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இனி சுதை. பிற்காலத்தவர் தேய்ந்த சிற்பங்களைக் காப்பாற்றும் எண்ணத்தில்தான் சுண்ணாம்புச் சுதை பூசினார்கள். தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாகச் சில உருவங்கள் தெரிவது அந்தப் பூச்சால்தான். அது உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து பல்லவச் சிற்பியின் உளிவேலை எட்டிப் பார்க்கிறது. திருச்சுற்று மதிலை ஒட்டிய 58 சிற்றாலயங்களில் சிலவற்றில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களும் உள்ளன. 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் அவற்றை உலகுக்குக் காட்டினார். புதிதாகப் பூசினால் மிஞ்சியிருக்கும் மூல வேலை மறைந்துபோகும். சிமென்ட் என்றால் கேடு இன்னும் அதிகம்: உள்ளே போன ஈரத்தை வெளியேற விடாது, தன் உப்பையும் கல்லுக்குள் ஏற்றும். எனவே மீதமுள்ளதை அப்படியே நிலைக்கச் செய்வதுதான் சரியான பாதுகாப்பு. தண்ணீர் தேங்காமல் வடியச் செய்வதும், உப்பைப் பக்குவமாக நீக்குவதும், தளர்ந்த செதில்களைப் பயிற்சி பெற்றவர்கள் கையால் இறுக்குவதும் அந்தப் பணியில் அடங்கும்.

நாமும் செய்யக்கூடியது உண்டு. சிற்பத்தின் மேல் சாயக் கூடாது, கை வைக்கக் கூடாது, விபூதியோ குங்குமமோ எண்ணெயோ தடவக் கூடாது. பொடியாக உதிரும் கல்லில் ஒவ்வொரு தொடுதலும் சில மணல் துகள்களைக் கொண்டுபோய்விடும். காலத்தையும் மழையையும் நம்மால் தடுக்க முடியாது. நம் கையைத் தடுக்கலாம்.