படைப்பணி ஆவணத்தில் பெயர் பிழையா?

ஓய்வுபெற்ற ராணுவ வீரரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் 'லட்சுமி', ஆதாரில் 'மகாலட்சுமி'. குடும்ப ஓய்வூதியம் கேட்கும் நாளில்தான் இது பெரிய தலைவலியாகும். வீரர் உயிருடன் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள்.

முதலில் எந்தத் தாளில் பிழை என்று பாருங்கள். ஆதாரில்தான் தவறென்றால் அதைத் திருத்துவது எளிது. படை ஆவணத்தைத் தொடவே வேண்டாம். இப்படிப்பட்ட வேறுபாடுகள் நம் ஊர் இனிஷியல் வழக்கத்தாலும் வரும்.

படை ஆவணத்தில்தான் பிழையென்றால், அவர் பணியாற்றிய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு (ரெக்கார்ட் ஆபீஸ்) விண்ணப்பிக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போனால், என்னென்ன தாள்கள் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். படை எண்ணும், டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றின் நகல்களும், உறுதிமொழிப் பத்திரமும் கையில் இருக்கட்டும். அசலைத் தபாலில் அனுப்பாதீர்கள்.

ஆவண அலுவலகம் திருத்தியதோடு வேலை முடியாது. ஓய்வூதிய ஆணையிலும், படை ஓய்வூதியத்துக்கான 'ஸ்பார்ஷ்' இணையதளத்திலும் புதிய பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.