போட்டியாளர் பட்டியலும் தென்படும் அளவும்

தேடுபொறியில் ஒரு தளம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதை அளந்து கூறும் மென்பொருள்கள் இன்று பல உள. செம்ரஷ், ஏஹெச்ரெஃப்ஸ் என்பன அவற்றுட் சில. நம் சங்கத்து நண்பர்கள் சிலர் பகுதி நேர வேலையாகக் கடைகளின் தளங்களைக் கவனித்து வருகின்றனர். அவர்களுக்குப் பயன்படும் என்றெண்ணி, அக்கருவிகளில் போட்டியாளரைக் குறிக்கும் முறையைப் பற்றி எழுதுகிறேன். நான் பயில்வது இயற்பியல். எனினும் அளவுகோலைப் பற்றிய ஐயம் எனக்குப் புதிதன்று.

முதலிடத்தில் நிற்கும் தளத்தைப் பலர் சொடுக்குவர். பத்தாமிடத்தை மிகச் சிலரே சொடுக்குவர். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பிட்டு, நாம் கொடுத்த தேடுசொற்கள் அனைத்துக்கும் சராசரி காண்பதே ‘தென்படும் அளவு’. பத்துச் சொற்களுக்கு இது 20 என்க. நம் தளம் எங்குமே தோன்றாத வேறு பத்துச் சொற்களைச் சேர்த்தால் 10 ஆகிவிடும். தளத்தில் ஒன்றும் நிகழவில்லை. வகுக்கும் எண் மட்டுமே மாறிற்று.

போட்டியாளருடன் ஒப்பிடும் ‘பங்கு’ இதனினும் வழுக்கும். எனக்குத் தெரிந்த தமிழ் மெஸ் உரிமையாளர் ஒருவர், தளத்தைக் கவனிக்க ஒருவருக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து வந்தார். “தம்பி, போன மாசம் 20, இந்த மாசம் 40னு காட்டுறார். ஆனா இலை போடுறது கூடலையே!” என்றார். கணக்கைப் பார்த்தேன். முன்பு மெஸ்ஸுக்கு 20, ஒரு போட்டியாளருக்கு 30, மற்றொருவருக்கு 50. அந்த ஐம்பதுக்காரரைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தனர். மிஞ்சிய ஐம்பதில் இருபது, நூற்றுக்கு நாற்பதன்றோ! எல்லாக் கருவிகளும் இவ்வாறு கணக்கிடுவதில்லை. எது எவ்வாறு கணக்கிடுகிறது என்பதை அதன் விளக்கப் பக்கத்தில் முதலில் படித்துக் கொள்க.

இனி, யார் போட்டியாளர்? அடுத்த தெரு ஓட்டல் வியாபாரத்தில் போட்டி. சொமாட்டோ, ஸ்விக்கி போன்றவை தேடல் பக்கத்தில் இடத்தைப் பிடித்துக் கொள்வதால் அங்கே போட்டி. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால் பெரிய தளங்களின் நிழலில் மெஸ் மறைந்தே போகும். தனித்தனியே வைத்துப் பார்ப்பதே என் கருத்து.

எல்லையும் முக்கியம். போட்டியாளர் பிளாக்ஸ்பாட்டில் தளம் வைத்திருந்தால், அவருடைய கிளை முகவரியை மட்டும் குறிக்க வேண்டும். பிளாக்ஸ்பாட் முழுவதையும் குறித்தால் ஊரார் எழுத்தெல்லாம் அவர் கணக்கில் ஏறும். இடத்தை ‘இந்தியா’ என்று விடாமல் நகரத்தைக் குறிப்பதும், கணினியா கைப்பேசியா எனத் தெரிந்தெடுப்பதும் இவ்வாறே இன்றியமையாதன. மெஸ்ஸைத் தேடுகிறவன் பெரும்பாலும் தெருவில் நின்று கைப்பேசியில்தானே தேடுகிறான்!

பழைய வரைபடங்களைப் பார்ப்போர் ஒன்றைக் கருத வேண்டும். ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைப் பெறும் வழியைக் கூகுள் 2025 செப்டம்பரில் நிறுத்திற்று. அதையே நம்பியிருந்த கருவிகள் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதாயிற்று. அம்மாத அளவில் காணும் சரிவு, போட்டியாளரின் வெற்றியாகவே இருக்க வேண்டுமென்பதில்லை.

பட்டியலை மாற்றவே கூடாதென்று சொல்லவில்லை. புதுக்கடை திறந்தால் சேர்க்கத்தான் வேண்டும். மாற்றிய நாளையும் காரணத்தையும் எழுதி வைத்து, முந்தைய மாதத்தையும் புதுப் பட்டியலின்படியே மீண்டும் கணக்கிடுக. மெஸ்ஸுக்கு அவ்வாறு செய்து பார்த்தோம்: சென்ற மாதமும் 40, இந்த மாதமும் 40.