டப்பாவுல போட்டிருக்கிற லிட்டரும் பவளத்துக்குக் கிடைக்கிற தண்ணியும்

என் ரூம்மேட்டோட அண்ணன் வீட்ல ஒரு மரைன் டேங்க் இருக்கு. மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறை, மணல் போக சுமார் 160 லிட்டர் உப்புத் தண்ணி. ரெண்டு க்ளவுன் மீன், கொஞ்சம் நத்தை, நடுவுல காளான் மாதிரி ஒரு லெதர் கோரல். போன செமஸ்டர் லீவுல அங்க போனப்போ அந்தக் காளான் சுருங்கி, மேல மெழுகு பூசின மாதிரி ஒரு படலத்தோட கிடந்துச்சு. மூணு வாரமா அப்படியேதான் இருக்குன்னார். "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே, இந்த பம்ப்பைக் கொஞ்சம் பாரேன்"னார். அந்த ஒரு வார்த்தையில ஆரம்பிச்ச வேலைதான் இந்தக் கட்டுரை.

லெதர் கோரல் அப்பப்போ தன் மேல்தோலை ஒரு மெழுகுப் படலமா உரிச்சுப் போடும். அது நோய் இல்ல, பாசியையும் அழுக்கையும் உதறுற வழி. ஆனா அதுக்குக் கை கிடையாதே. உரிஞ்ச தோலைத் தண்ணிதான் அடிச்சுட்டுப் போகணும். ஓட்டம் இல்லன்னா படலம் அப்படியே ஒட்டி, அடியில தசை அழுக ஆரம்பிக்கும். மூச்சுக்கும் இதே கதைதான். நகர முடியாத உயிரைச் சுத்தி ஒரு மெல்லிய தேங்கின தண்ணி அடுக்கு எப்பவும் ஒட்டியிருக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல மார்க்குக்காகப் படிச்ச அதே பௌண்டரி லேயர். ஆக்ஸிஜன் உள்ள வரணும், கழிவு வெளிய போகணும்னா அந்த அடுக்கு மெலியணும். அதை மெலிய வைக்கிறது நீரோட்டம்.

சரி, அண்ணன் டேங்க்ல ஓட்டம் இல்லையான்னா, கணக்குப்படி நிறையவே இருந்துச்சு. மணிக்கு 1,100 லிட்டர்னு டப்பாவுல போட்ட பவர்ஹெட் ரெண்டு, இடது ஓரத்துல ஒண்ணு, வலது ஓரத்துல ஒண்ணு, ஒண்ணையொண்ணு பாத்த மாதிரி. மொத்தம் 2,200. அதை 160-ஆல வகுத்தா மணிக்கு கிட்டத்தட்ட 14 தடவை டேங்க் தண்ணி சுத்துது. மென்பவளத்துக்கு 10-லேருந்து 20 தடவை போதும்னு ஹாபிக்காரங்க சொல்ற கணக்குல இது பாஸ். ஆனா பின்மூலையில சிவப்பா வழவழன்னு சயனோபாக்டீரியா, பாறை இடுக்குல சாப்பாட்டு மிச்சம், வலது பம்ப்புக்கு நேரா இருந்த மணல்ல பள்ளம். கணக்கு பாஸ், டேங்க் ஃபெயில்.

ஏன்னு பாக்க நானும் ரூம்மேட்டும் ஒரு மலிவான வேலை செஞ்சோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஐஸ் ட்ரேல ஊத்திக் கட்டியாக்கி, லேப்ல கிடந்த பழைய கண்ணாடித் தொட்டியில சாதா தண்ணி நிரப்பி, அண்ணன் வச்ச மாதிரியே ரெண்டு பம்ப்பையும் மாட்டி, கட்டிகளை அங்கங்க தொங்கவிட்டோம். ஓட்டம் எங்க அதிகமோ அங்க பிளாஸ்டர் சீக்கிரம் கரையும். கடல் உயிரியல்காரங்க ரொம்ப நாளா பண்ற முறைதான் இது. ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில எடுத்துக் காயவச்சுப் பாத்தா, பம்ப்புக்கு முன்னாடி இருந்தது கோலிகுண்டு சைஸ். பின்மூலையில இருந்தது ஐஸ் ட்ரேலேருந்து அப்பதான் எடுத்த மாதிரி இருந்துச்சு. நடுவுல, அதாவது அண்ணன் பவளம் உக்காந்திருக்கிற இடத்துல, அதுவும் கிட்டத்தட்ட அப்படியே! எதிரெதிரா வந்த ரெண்டு ஜெட்டும் நடுவுல மோதி ஒண்ணையொண்ணு கொன்னுடுச்சு.

இங்க ஒரு சின்னக் கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. அந்த பம்ப்போட வாய் 13 மி.மீ. அதுல மணிக்கு 1,100 லிட்டர் போகணும்னா வேகம் விநாடிக்கு 2.3 மீட்டர். அந்த ஜெட்டுக்குள்ள இருக்கிற இயக்க ஆற்றல் வெறும் 0.8 வாட். பம்ப் கரண்ட்ல இழுக்கிறது 20 வாட்! மீதி எல்லாம் சூடு. அந்த 0.8 வாட்டையும் கெட்டியா ஒரு ஊசி மாதிரி குத்துறதுல செலவு பண்றோம். அதே 0.8 வாட்டை அகலமான வாய் வழியா விட்டா? வாயோட விட்டம் ரெண்டு மடங்கானா வேகம் 0.63 மடங்கா குறையும், ஆனா போற தண்ணி 2.5 மடங்கு ஆகும், தண்ணியைத் தள்ளுற விசை 1.6 மடங்கு ஆகும். அரை பெருக்கல் நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம், அவ்ளோதான், நீங்களே போட்டுப் பாருங்க. டேங்க் முழுக்கத் தண்ணியை நகத்துறது அந்த விசைதான், நுனி வேகம் இல்ல. டப்பாவுல இருக்கிற லிட்டர் இதை எதையும் சொல்றதில்ல.

அகலமான வாய்க்கு வழி, இம்பெல்லரைக் கழட்டிட்டு ப்ரொபெல்லர் மாட்டுறது. இது என் கண்டுபிடிப்பு இல்ல. 2000-களில் அமெரிக்க ரீஃப் ஹாபிக்காரங்க மேக்ஸி-ஜெட் பவர்ஹெட்ல பொம்மைப் படகு ப்ரொபெல்லரை மாட்டி ஆரம்பிச்சது. பின்னாடி அந்த பம்ப்பே ப்ரொபெல்லரோட கடைக்கு வந்துச்சு. 40 மி.மீ. ப்ரொபெல்லர் மாட்டினா, அது தள்ளுற தண்ணி கொஞ்சம் தள்ளிப் போய் சுமார் 28 மி.மீ. ஜெட்டா சுருங்கும். 13-க்கு 28, ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல. அதே 0.8 வாட் கிடைச்சா மணிக்கு 3,000 லிட்டர், வேகம் விநாடிக்கு 1.4 மீட்டர். காகிதத்துல ஜம்முனு இருக்கு.

காகிதத்துல மட்டும். நான் முதல்ல ஆசைப்பட்டு 50 மி.மீ. ப்ரொபெல்லரை மாட்டினேன். "ம்ம்ம்"னு ஒரு முனகல், சுத்தவே இல்ல. 45 மாட்டினேன். சுத்தும், திடீர்னு நின்னு நடுங்கும். 40-தான் ஓடிச்சு. காரணம் இந்த மோட்டார்ல இருக்கு. உள்ள இருக்கிறது ஒரு உருளைக் காந்தம், வடக்கு ஒரு பக்கம் தெற்கு ஒரு பக்கம். நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அது நிமிஷத்துக்கு 3,000 சுத்துதான் சுத்தும், கூடவும் தெரியாது குறையவும் தெரியாது. சுமை கூடினா ஃபேன் மாதிரி மெதுவாகாது, பிடி விட்டு நின்னுடும். வேகம் மாறாதப்போ ப்ரொபெல்லர் கேக்கிற சக்தி விட்டத்தோட ஐந்தாம் படியா ஏறும். 40-லேருந்து 45 போனா 1.8 மடங்கு, 50 போனா 3 மடங்கு. அஞ்சு மில்லிமீட்டர்தானேன்னு நினைச்சா இப்படித்தான் ஆகும். நின்ன பம்ப்பை அப்படியே விட்டா காயில் சூடாகிப் போயிடும், உடனே ஆஃப் பண்ணுங்க.

அடுத்த தலைவலி இன்னும் பெருசு. இந்த மோட்டாருக்கு வலது இடது தெரியாது. ஆன் பண்ணும்போது காந்தம் எந்தப் பக்கம் நிக்குதோ அதைப் பொறுத்து எந்தத் திசையிலயும் கிளம்பும். பழைய இம்பெல்லர் நேர் தகடு, எப்படிச் சுத்தினாலும் வெளியதான் தள்ளும். ப்ரொபெல்லர் அப்படி இல்ல, தப்பாச் சுத்தினா தண்ணியை பம்ப் மேலேயே அடிக்கும். நான் செஞ்ச தீர்வு இது: ப்ரொபெல்லர் சரியாச் சுத்தினா எதிர்விசை அதை மோட்டாருக்குள்ள அமுக்கும், தப்பாச் சுத்தினா வெளிய இழுக்கும். அதனால ஷாஃப்ட்டுக்கு ரெண்டு மி.மீ. முன்பின் ஆட்டம் விட்டு, ஹப் முன்னாடி ஒரு பல்லும், மூடிக்கூண்டுல ஒரு பல்லும் வச்சேன். தப்பாச் சுத்தி வெளிய வந்தா பல்லுல இடிச்சுத் திரும்பும், எதிர்த்திசையில கிளம்பிடும். சரியாச் சுத்தினா பல்லு தொடவே தொடாது. இன்னொண்ணு, ப்ரொபெல்லரைக் காந்தத்தோட இறுக்கி ஒட்டாதீங்க. கால் சுத்தாவது சும்மா சுத்துற இடம் விடணும். அந்த இடைவெளியில காந்தம் வேகம் பிடிச்சாதான் சுமையை இழுக்கும். முதல் ஒரிஜினல் இம்பெல்லரைக் கையில பிடிச்சு ஆட்டிப் பாருங்க, அதுலயும் அந்த லூஸ் இருக்கும். நான் அதை "மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்"னு நினைச்சு ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். சிரிக்காதீங்க.

பொருள் விஷயத்துல மட்டும் சமரசம் வேண்டாம். ஆர்சி படகுக் கடையில பளபளன்னு பித்தளை ப்ரொபெல்லர் கிடைக்கும், தொடாதீங்க. பித்தளையில தாமிரம் இருக்கு, உப்புத் தண்ணியில கரையுற கொஞ்சம் தாமிரமே நத்தை, இறால், பவளம் எல்லாத்தையும் கொல்லும். நைலான் வாங்குங்க, இல்ல லேப் த்ரீ-டி பிரிண்டர்ல பிஇடிஜி-ல அடிங்க. இரும்பு ஸ்க்ரூவும் வேண்டாம். முன்னாடி கூண்டு கட்டாயம், கம்பி இடைவெளி மீன் வால் நுழையாத அளவுக்கு. காயிலைச் சுத்தி ஊத்தியிருக்கிற எபாக்ஸியில ஒரு கீறல்கூட விழக்கூடாது. நீங்க கை வைக்கப் போறது 230 வோல்ட் கம்பி மூழ்கியிருக்கிற உப்புத் தண்ணி. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைன்ல இந்த வேலையே வேண்டாம். கையை உள்ள விடுறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்குங்க. ஒயர் பிளக்குக்குக் கீழ தொங்கி மேல ஏறணும், அப்பதான் வழியுற தண்ணி பிளக்குக்குப் போகாது.

முதல் நாள் ராத்திரியே ஒரு கூத்து. தள்ளுற விசை 1.7 மடங்கு ஆச்சுன்னா பம்ப் பின்னாடி போற விசையும் அவ்ளோ ஆகும்னு நியூட்டன் சொன்னது, பழைய சக்‌ஷன் கப்புக்குத் தெரியல. ராத்திரி கழண்டு மணலைப் பாத்து விழுந்து, காலையில டேங்க் சுனாமி வந்த மாதிரி கலங்கிக் கிடந்துச்சு. அண்ணன் ஒண்ணும் சொல்லல, காபி மட்டும் கொடுத்தார். அந்த காபி தொண்டையில இறங்கவே இல்ல. இப்போ கண்ணாடிக்கு உள்ளயும் வெளியயும் காந்தம் வச்சுப் பிடிச்சிருக்கோம். உள்ள இருக்கிற காந்தத்தை எபாக்ஸியில முழுசா மூடணும், துருப்பிடிச்சா அதுவும் விஷம்.

அடுத்து இடம். ரெண்டு பம்ப்பையும் மாத்தினோம், ஆனா ரெண்டையும் சேத்து ஓட்டல. டைமர் வச்சு ஆறு மணி நேரம் இடது, ஆறு மணி நேரம் வலது. ரெண்டுமே முன்கண்ணாடி ஓரமா நீளவாக்குல அடிக்கும். தண்ணி முன்னாடி போய், எதிர்ச்சுவர்ல திரும்பி, பாறைக்குப் பின்னாடி வழியா வரும். மோதல் இல்ல, ஒரு பெரிய சுழல். லேப் தொட்டியில மறுபடி பிளாஸ்டர் தொங்கவிட்டப்போ பின்மூலைக் கட்டியும் கரைஞ்சிருந்துச்சு. அதைப் பாத்தப்போ வந்த சந்தோஷம் எனக்கு எந்த ரிசல்ட்லயும் வந்ததில்ல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச லாபம் வேற. ஒரு நேரத்துல ஒரு பம்ப்தான் ஓடுது, 20 வாட் மிச்சம். கரண்ட் பில்லுக்காகச் சொல்லல. டேங்குக்குள்ள முழுகின பம்ப் இழுக்கிற வாட் எல்லாம் கடைசியில தண்ணிச் சூடுதான். வெளிய போக வழியில்லன்னா 20 வாட் 160 லிட்டரை மணிக்கு 0.1 டிகிரி ஏத்தும். மே மாசச் சென்னையில தண்ணி ஏற்கனவே 30-ஐத் தொட்டு நிக்கும்போது, பவளத்துக்கு ஒரு டிகிரியே பெரிய விஷயம்.

ஒரு விஷயம் சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு கல் பவளம் தேடிப் போகாதீங்க. ரீஃப் கட்டுற கல் பவளம் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவுல 21 தீவைச் சுத்தி இருக்கிறதை அங்கேயே விடுவோம்.

அண்ணனோட காளான் பத்து நாள் கழிச்சு படலத்தை உதறிச்சு. ஒரு ஓரத்துல மட்டும் தசை போயிடுச்சு, அது திரும்ப வருமான்னு பாத்துட்டிருக்கோம். உங்க பம்ப்பை டேங்க்ல போடுறதுக்கு முன்னாடி ஒரு பக்கெட்ல வச்சு நூறு தடவை ஆன், ஆஃப் பண்ணுங்க. கரண்ட் போய் வர்ற ஒவ்வொரு தடவையும் மோட்டார் புதுசா திசை தேடும், அப்போ நீங்க வீட்ல இருக்க மாட்டீங்க. என்னோடது 63-வது தடவை தப்பான பக்கமே ஓடிச்சு. பல்லை அரை மி.மீ. நீட்டி, மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணினேன்.