கிழவி வீட்டிலிருந்து தப்ப: சில பயனுள்ள குறிப்புகள்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளின் கையில் போன், போனுக்குள் ‘கிரானி’. 2017 இல் வெளிவந்த இந்தப் பயங்கர விளையாட்டுக்கு எங்கள் ஊரான மல்லாவியில் அவர்கள் வைத்த பெயர் ‘கிழவி கேம்’. பூட்டிய வீடு, தடியோடு திரியும் கிழவி, ஐந்து நாள் அவகாசம். அதற்குள் வெளியேற வேண்டும். தடுப்பதற்கு முதல் என்னவென்று பார்ப்போம் என்று அக்கா மகனோடு சேர்ந்து நானும் விளையாடினேன். இரண்டு வாரத்தில் தப்பியும் விட்டேன். விளையாடுகிற பிள்ளைகளுக்கும் அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

1. முதலில் ஆளில்லாத வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பயிற்சி முறையைத் தெரிவு செய்தால் கிழவி வரமாட்டா. எந்த அறையிலிருந்து எங்கே போகலாம், எந்தக் கட்டிலின் கீழே புகலாம், அலுமாரி எங்கே நிற்கிறது என்று மனப்பாடமாகும்வரை நடந்து திரியுங்கள். திறப்பும் சுத்தியலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் இடம் மாறும். அறைகள் மாறுவதில்லை.

2. காதால் விளையாடுங்கள். கிழவிக்குக் கண்ணைவிடக் காதுதான் கூர்மை. ஒரு பொருள் கைதவறி விழுந்தால் போதும், வந்துவிடுவா. மரத்தரை கிறீச்சிட்டாலும் அப்படித்தான். அதனால் குனிந்து மெல்லப் போங்கள். சத்தத்தையே ஆயுதமாக்கவும் முடியும்: மேல்மாடியில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அலுமாரிக்குள் புகுந்து நில்லுங்கள். கிழவி வந்து தேடிவிட்டுத் திரும்பும்போது எந்தப் பக்கம் போகிறா என்று கேட்டு, மற்றப் பக்கத்தால் இறங்குங்கள். அவ கண்முன்னே ஒளித்தால் பயனில்லை, இழுத்து எடுப்பா. சத்தம் கேட்டதும் ஓடுவதுதான் பிள்ளைகள் விடும் பெரிய பிழை. 2008 இல் போர் நெருங்கி மல்லாவியை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்கு இப்போதைய அக்கா மகனின் வயது. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போன வழியெல்லாம் அம்மா சொன்னது ஒன்றுதான்: செல் குத்துகிற சத்தம் கேட்டால் ஓடாதே, படு, எங்கே விழுகிறது என்று கேட்ட பிறகு எழும்பு. அந்தக் காது இன்னும் என்னோடு இருக்கிறது. இந்த விளையாட்டில் நான் விரைவாகத் தேறியதற்கு வேறு காரணம் தெரியவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு போனுக்குள் மட்டுமே தேவைப்படுவது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி!

3. ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். ஒலிபெருக்கியில் போட்டு விளையாட வேண்டாம். திடீரென்று எழும் அலறலும் இடிபோன்ற சத்தமும் பக்கத்து அறையில் படுத்திருக்கும் பெரியவர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் அம்மா ஒருமுறை படுக்கையிலிருந்து எழும்பி நேரே முற்றத்துக்கு ஓடினா, பங்கர் தேடி. அந்த வளவில் பங்கர் மூடிப் பல வருடம். இரண்டு காதையும் அடைப்பதும் சரியில்லை. யானை வேலி முறிக்கிற சத்தமும் நாய் குரைப்பதும் அயலவர் யானை வெடி கொளுத்துவதும் கேட்க வேண்டும். ஒரு காது விளையாட்டுக்கு, ஒரு காது வீட்டுக்கு.

4. ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். சுத்தியல் வைத்திருக்கும்போது திறப்பைக் கண்டால் சுத்தியலை விடவேண்டும், விட்டால் சத்தம். ஆகவே எடுக்கும் முன் யோசியுங்கள். கதவில் அடித்த பலகைக்குச் சுத்தியல், பூட்டுக்குத் திறப்பு, இலக்கப் பூட்டுக்கு அதன் இலக்கம். எல்லாவற்றையும் வாசலுக்குக் கிட்ட ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் கடைசி நாளில் தேடி அலைய வேண்டியதில்லை.

5. நிலத்தைப் பார்த்து நடவுங்கள். கிழவி பொறி வைப்பா.

6. அடித்து வெல்ல நினைக்காதீர்கள். மயக்க அம்பு எய்தாலும் கிழவி கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடுவா. இந்த வகை விளையாட்டுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது 1996 இல் ஜப்பானின் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’. ஷின்ஜி மிகாமி இயக்கியது. அதிலும் இதே கணக்குத்தான். தோட்டா குறைவு, எதிரே வருகிற ஒவ்வொரு நடைபிணத்தையும் சுட்டால் முக்கியமான இடத்தில் வெறுங்கையோடு நிற்பீர்கள். இடம் இருந்தால் விலகிப் போங்கள். கிறிஸ் என்ற பாத்திரத்தால் 6 பொருட்கள்தான் கொண்டுபோக முடியும், ஜில் என்பவளால் 8. புதிதாக விளையாடுவோர் ஜில்லை எடுப்பது நல்லது. சிவப்பு மூலிகை தனியே ஒன்றும் செய்யாது, பச்சையோடு கலந்தால்தான் காயம் முழுதாக ஆறும். கண்டவுடனே பச்சையைத் தின்று தீர்க்காதீர்கள். ஆட்டத்தைச் சேமிக்கவும் தட்டச்சு நாடா வேண்டும், அதுவும் அளவாகவே கிடைக்கும். ஆனால் இது 17 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு என்று அமெரிக்கத் தரப்படுத்தலில் குறித்த விளையாட்டு. உயர்தரம் படிக்கிற அண்ணன் விளையாடும்போது பக்கத்தில் ஆறாம் வகுப்புத் தம்பி இருக்கக்கூடாது.

7. விளையாட்டின் ஐந்து நாளையே நேர அளவாக வையுங்கள். ‘இன்னும் பத்து நிமிடம்’ என்ற பேரம் எங்கள் வீட்டில் சண்டையில்தான் முடிந்தது. இப்போது விளையாட்டின் ஐந்து நாளும் முடிந்தால் போன் அம்மாவின் கைக்குப் போக வேண்டும். பிள்ளை ஒத்துக்கொள்கிறான், ஏனென்றால் அது விளையாட்டே போட்ட எல்லை.

8. அம்மம்மாவோடு இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டாம். எங்கள் நாலு வயதுக்காரி இரண்டு நாள் அம்மம்மாவின் மடிக்குப் போகவில்லை. அவவின் நரைத்த தலையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அம்மம்மாவுக்குக் காரணம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பிறகு அவவே முறுக்கு ஒன்றை நீட்டிச் சரிசெய்தா.

9. இருட்டுவதற்கு முதல் கழிப்பறை அலுவலை முடியுங்கள். எங்கள் பக்கத்தில் அது வளவின் பின்பக்கத்தில் இருக்கும். விளையாடிய இரவு பிள்ளை தனியே போகமாட்டான், அடக்கிக்கொண்டு படுப்பான், விடியப் பாய் நனைந்திருக்கும். ஏசாதீர்கள். செருப்புப் போட்டு, ரோச் லைற் எடுத்து, கூடப் போங்கள். நான் கொய்யாமரத்தடியில் நிற்பேன். உள்ளேயிருந்து “சித்தி, நிக்கிறீங்களோ?” என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் “நிக்கிறன்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.